கேட்டீர்கள், சொல்கிறோம்: ஸ்டிஃப் கோல்டன்ராட்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் சாலையோரம், தண்டவாளத்தோரம், மேய்ச்சல் நிலம் எல்லாம் மஞ்சள் பூத்துவிடும். அந்தப் பூவைப் பற்றித்தான் இம்முறை நிறையக் கடிதங்கள். சிலர் எப்படி ஒழிப்பது என்கிறார்கள், சிலர் எப்படி வளர்ப்பது என்கிறார்கள். கோல்டன்ராட் என்ற ஒரு பெயருக்குள் நூறு இனங்கள் அடங்கியிருப்பதால் வரும் குழப்பம் இது. ப்ரெய்ரி என்னும் பெரும்புல்வெளிக்கே உரிய ஸ்டிஃப் கோல்டன்ராட்டை மையமாக வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். தாவரவியல் பெயர் சாலிடாகோ ரிஜிடா. ஒலிகோநியூரான் ரிஜிடம் என்று அட்டை ஒட்டி விற்றாலும் அதே செடிதான். வாங்கும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் புல் வெட்டாமல் விட்ட இடத்தில் மஞ்சள் பூச்செடிகள் தானாக வந்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர், "உடனே பிடுங்குங்கள், எங்கள் பக்கமும் வந்துவிடும்" என்கிறார். எங்களுடையது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, ரோச்செஸ்டர், மினசோட்டா

பதில்: முதலில் பூங்கொத்தின் உருவத்தைப் பாருங்கள். கொத்து கூம்பாக எழும்பி, கிளைகள் ஒரு பக்கமாக வளைந்து இறகு போலச் சாய்ந்தால் அது கனடா கோல்டன்ராட், அல்லது அதற்கு நெருங்கிய சொந்தம். பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவது அதற்குத்தான். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. மண்ணுக்கடியில் தண்டை ஓடவிட்டுச் சில வருடங்களில் ஒரு பாத்தியையே பிடித்துக்கொள்ளும்.

ஸ்டிஃப் கோல்டன்ராட்டின் கொத்து உச்சியில் தட்டையாக, அல்லது லேசாகக் கவிந்த குடை போல இருக்கும். ஒவ்வொரு பூவும் மற்ற வகைகளின் பூவைவிடப் பெரியது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம். செடி 3 முதல் 5 அடி உயரம், பெரும்பாலும் கிளைக்காத நேர்த்தண்டு.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஓர் இலையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கெட்டியான இலை, சாம்பல் பூத்த பச்சை, இரண்டு பக்கமும் குட்டையான விறைத்த மயிர். உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். ரிஜிடா என்றால் விறைப்பு என்றுதான் பொருள். அடியிலைகள் நீள்முட்டை வடிவில், நீண்ட காம்போடு, ஒரு சாண் வரை வளரும். மேலே போகப் போக இலை சிறுத்து, காம்பு மறைந்து, தண்டை அணைத்தாற்போல ஒட்டி நிற்கும். கனடா கோல்டன்ராட்டின் இலை குறுகலானது. அதில் நடுநரம்போடு சேர்த்து மூன்று நரம்புகள் இணையாக ஓடுவது பளிச்சென்று தெரியும்.

தட்டைக் கொத்தை மட்டும் நம்பி முடிவு செய்துவிடாதீர்கள். புல் இலை கோல்டன்ராட்டுக்கும் தட்டைக் கொத்துதான், ஆனால் இலை புல் போல மெல்லியது, அதுவும் வேகமாக ஓடும். ஈரநிலத்து ரிடெல்ஸ் கோல்டன்ராட்டும் தட்டையாகப் பூக்கும். அதன் இலை வழவழப்பாக, நடுவில் மடிந்து, அரிவாள் போல வளைந்திருக்கும்.

உங்களுடையது ஸ்டிஃப் என்றால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வந்த இடத்திலேயே தூராக நிற்கும், மண்ணுக்கடியில் ஓடாது. ஆனால் விதை நன்றாக விழும். பரவ வேண்டாம் என்றால் பூ வாடிப் பஞ்சு விரிவதற்குள் கொத்தை வெட்டிவிட்டால் போதும்.

கேள்வி: ஆவணி பிறந்தவுடன் தும்மலும் கண் கடியும் தொடங்கிவிடும். வேலியோரம் நின்ற மஞ்சள் பூ முழுவதையும் வெட்டிப் போட்டும் சுகம் இல்லை. வேறென்ன செய்வது?
– வாசகர், ஸ்கார்பரோ, ஒன்டாரியோ

பதில்: சுகம் இல்லாததற்குக் காரணம், வெட்டிய செடி குற்றவாளி இல்லை. கோல்டன்ராட்டின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீயும் வண்டும் காலில் சுமந்துபோவதற்கென்றே அமைந்தது. காற்றில் மிதந்து மூக்குக்கு வருவது அரிது. அதே வாரங்களில் ராக்வீட் என்ற களை பூக்கிறது. பச்சைத் தண்டில் பச்சை நிறத்திலேயே பூப்பதால் யார் கண்ணிலும் படாது. காற்றை நம்பிப் பிழைக்கும் செடி என்பதால் ஒரு செடியே ஒரு பருவத்தில் நூறு கோடி துகள் வரை உதறக்கூடியது. பக்கத்தில் பளபளவென்று நிற்கும் கோல்டன்ராட் பழியைச் சுமக்கிறது.

ராக்வீட்டைக் கண்டுபிடிப்பது நம்மவர்களுக்கு எளிது. அது பார்த்தீனியத்தின் நெருங்கிய உறவு. இலையும் அதைப் போலவே நுணுக்கமாகக் கிழிந்திருக்கும். வேலியோரம், நடைபாதை விளிம்பு, கட்டட வேலை நடந்த மண்மேடு ஆகிய இடங்களில் தேடுங்கள். ஜூலைக்குள், பூ வரும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். அது ஒரு வருடச் செடி. விதை விழாமல் தடுத்தால் உங்கள் நிலத்தில் வருடா வருடம் குறையும். மகரந்தம் வெகுதூரம் பறக்கும் என்பதால் தும்மல் முழுதாக நின்றுவிடாது. அதற்கு மருத்துவரிடம் அலர்ஜிப் பரிசோதனை செய்து, மருந்தைப் பருவம் தொடங்கும் முன்பே ஆரம்பிப்பது நல்லது.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. சாமந்திக் குடும்பத்துச் செடிகளைத் தொட்டாலே தோல் தடிப்பவர்கள் கோல்டன்ராட்டையும் கையுறையோடு தொடுங்கள்; கொத்தாக வெட்டிப் படுக்கையறையில் வைக்காதீர்கள்.

கேள்வி: போன வருடம் விதை வாங்கி மே மாதம் தொட்டியில் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை மோசமா, நான் செய்தது தவறா?
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: விதைக்குக் குளிர்காலம் கிடைக்கவில்லை. ஈரத்தோடு சுமார் 60 நாள் குளிரில் கிடந்த பிறகுதான் இந்த விதை ஒழுங்காக முளைக்கும். இலையுதிர் காலத்தில் விழுந்த விதை உடனே முளைத்தால் பனியில் செத்துவிடும் அல்லவா, அதற்கு இயற்கை போட்ட பூட்டு இது. திறக்க இரண்டு வழி.

சுலபமான வழி, நவம்பரில் வெளியிலேயே தூவுவது. புல்லும் களையும் இல்லாத மண்ணைக் கொத்துவாரியால் லேசாகக் கீறி, விதையைத் தூவி, காலால் மிதித்துவிடுங்கள். மேலே மண் போடக் கூடாது. மிகச் சிறிய விதை, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். அரை அங்குல ஆழத்தில் புதைப்பதுதான் பலர் செய்யும் இரண்டாவது தவறு.

மற்றது ஃப்ரிட்ஜ் வழி. பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதலிலோ தொடங்குங்கள். ஒரு பங்கு விதைக்கு மூன்று நான்கு பங்கு சுத்தமான மணல். மணலை நனைத்துக் கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சை பிடித்து விதை அழுகும். விதையோடு கலந்து, ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி, 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் இருக்கும் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்த நாள்கள் கணக்கில் சேராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள். வெள்ளையாக நுனி எட்டிப் பார்த்தால் 60 நாள் ஆகாவிட்டாலும் உடனே விதைத்துவிட வேண்டும்.

பிறகு மணலோடு சேர்த்தே தட்டில் தூவி, விரலால் அழுத்தி, தண்ணீரைத் தட்டின் அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடும், நாற்றும் கழுத்தழுகலில் சாயும். நான்கு இலை வந்ததும் தனிச் சிறுதொட்டிக்கு மாற்றி, ஜூனில் ஒன்றரை முதல் இரண்டடி இடைவெளியில் நடலாம். முதல் வருடம் தரையோடு ஒட்டிய சாம்பல் பச்சை இலைக்கொத்து மட்டும்தான் இருக்கும். அதைக் களை என்று பிடுங்கிவிடுகிறவர்கள் ஏராளம், ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பூ இரண்டாம் அல்லது மூன்றாம் வருடம்.

விதை அளவில் கைக்கட்டுப்பாடு தேவை. ஓர் அவுன்ஸில் ஏறத்தாழ 40 ஆயிரம் விதை இருக்கும். ஒரு ஏக்கருக்கு ஓர் அவுன்ஸ் போட்டாலே சதுர அடிக்கு ஒரு விதை ஆகிவிடுகிறது, கலப்பு விதைப்பில் அதற்கு மேல் வேண்டாம். பத்துக்குப் பத்தடிப் பாத்திக்கு ஒரு சிட்டிகையே அதிகம். தாராளமாகத் தூவிய இடங்களில் மூன்றாம் வருடம் இது ஒன்றே நின்று மற்ற பூக்களை மறைத்துவிடும்.

சொந்தச் செடியிலிருந்து எடுப்பதானால் அக்டோபரில் கொத்து சாம்பல் வெள்ளைப் பஞ்சாகி, அதற்குக் கீழே தண்டு பழுப்பேறிய பிறகு வெட்டுங்கள். சீக்கிரம் வெட்டினால் பஞ்சு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. நகத்தால் அழுத்தினால் தட்டையாகிவிட்டால் பதர். காகிதப் பையில் இரண்டு வாரம் உலர்த்துங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் புழுங்கிக் கெடும். காப்பகங்களில் மட்டும் விதை பறிக்காதீர்கள். இல்லினாயில் ஒரு காலத்தில் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் ப்ரெய்ரி இருந்தது. தரம் கெடாமல் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர். அங்கே ஒரு கைப்பிடி விதையும் அந்த நிலத்துக்கே சேர வேண்டியது.

கேள்வி: உரம் போட்டு, தினமும் தண்ணீர் விட்டு வளர்த்தேன். ஆறடி வளர்ந்தது, பூக்கும் நேரத்தில் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. கம்பு நட்டுக் கட்டவா?
– வாசகர், மேடிசன், விஸ்கான்சின்

பதில்: உரத்தையும் தண்ணீரையும் நிறுத்துங்கள். இது காய்ந்த மண்ணிலும் களிமண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் வாழப் பழகிய செடி, வேர் ஐந்தடி வரை இறங்கித் தானே ஈரம் தேடிக்கொள்ளும். சோறு அதிகமானால் தண்டு நீண்டு சதை பிடிக்கும், நார் பிடிக்காது. உச்சியில் பூப்பாரம் ஏறியதும் சாயும். நட்ட முதல் பருவத்தில் வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அடுத்த வருடத்திலிருந்து வறட்சி நீண்டால் தவிரத் தேவையில்லை. ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலிலும் இதே சாய்வுதான்.

அடுத்த வருடத்துக்கு உடனடி மருந்து, ஜூன் முதல் பாதியில் தண்டின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுவது. கிளைத்துக் குட்டையாக நிற்கும், பூ ஒன்றிரண்டு வாரம் தள்ளி வரும். ஜூலை நடுவுக்குப் பின் வெட்டினால் மொட்டையே வெட்டிவிடுவீர்கள்.

நிரந்தரமான வழி, துணைக்குப் புல் நடுவது. புல்வெளியில் இந்தச் செடி தனியாக நிற்பதே இல்லை. நாலு பக்கமும் புல் நெருக்குவதால்தான் நேராக நிற்கிறது. லிட்டில் புளூஸ்டெம், சைட்ஓட்ஸ் கிராமா, ப்ரெய்ரி டிராப்சீட் மூன்றும் வீட்டுத் தோட்டத்துக்கு அளவான உயரம். ஒரு கோல்டன்ராட்டுக்கு மூன்று புல் தூர், ஓரடி தள்ளித் தள்ளி. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் இருக்கும் கர்ட்டிஸ் ப்ரெய்ரி 1930களில் உழுத நிலத்தில் மறுபடி உருவாக்கியது, அந்த வகையில் உலகிலேயே மூத்தது. செப்டம்பரில் ஒரு நடை போய், உயரமான பூச்செடிகள் புல்லில் எப்படிச் சாய்ந்துகொள்கின்றன என்று பார்த்துவிட்டு நடுங்கள். கம்பு தேவைப்படாது.

கேள்வி: பூ முழுக்க ஆரஞ்சு நிற வண்டு. மருந்து அடிக்கலாமா?
– வாசகி, டெ மொயின், அயோவா

பதில்: வேண்டாம். இறக்கையின் பின்பாதியில் பக்கத்துக்கு ஒன்றாகக் கரும்புள்ளி இருந்தால் அது சோல்ஜர் வண்டு. பூந்தேனும் மகரந்தமும்தான் அதன் உணவு; இலையைத் தொடாது. அதன் புழு மண்ணில் கிடந்து மற்றப் பூச்சிகளின் முட்டையையும் புழுவையும் தின்கிறது. ஒரு கொத்தைப் பத்து நிமிடம் அசையாமல் பாருங்கள். வண்டுக்குப் பக்கத்தில் பம்பிள்பீ, அதற்குக் கீழே பூவின் நிறத்திலேயே பதுங்கியிருக்கும் ஆம்புஷ் பக், மேலே மொனார்க் வண்ணத்துப்பூச்சி. மெக்சிகோவின் மலைக்காடு வரை பறக்கப்போகும் மொனார்க்குக்கு செப்டம்பரில் கிடைக்கும் முக்கியமான தேன்களில் இது ஒன்று. மருந்து அடித்தால் அத்தனையும் சேர்ந்து சாகும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. இலை மேல்பக்கம் வெளுத்து, அடிப்பக்கம் கரும்புள்ளியாக எச்சம் தெரிந்தால் லேஸ் பக் என்ற பூச்சி. காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாக அடித்தால் குறையும். இலைக்கு அடியில் ஆரஞ்சுத் தூள் கொப்புளம் வந்தால் துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்ட்டில் வேண்டாம். இந்தத் துரு தன் வாழ்க்கையின் மறுபாதியைப் பைன் மரத்தில் கழிப்பது, அதனால் இளம் ரெட் பைன் கன்றுகளுக்குப் பக்கத்தில் கோல்டன்ராட் வைக்காமலிருப்பது நல்லது.

கேள்வி: தேன் கூட்டைத் திறந்தால் செப்டம்பரில் நனைந்த காலுறை போல நாற்றம். தேனீக்களுக்கு நோயா?
– வாசகர், லாரன்ஸ், கன்சாஸ்

பதில்: கோல்டன்ராட் தேன் கூட்டில் பதப்படும்போது வரும் வாடை அது. அடை மூடியதும் தணிந்துவிடும், தேனும் நல்ல தேன்தான். ஆனால் பயந்த நோயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: புழு வெள்ளையாக, பளபளப்பாக இருந்தால் கவலையில்லை. பழுப்பாக உருகி, தீக்குச்சியால் தொட்டால் நூலாக இழுத்தால் மாநிலத் தேனீ ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். கோல்டன்ராட் தேன் சீக்கிரம் உறையும், அடையிலிருந்து எடுக்கத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மாநிலப் பூவே கோல்டன்ராட் என்கிறார்கள். இதில் சாயம் எடுக்கலாமா?
– வாசகி, ஓமஹா, நெப்ராஸ்கா

பதில்: நெப்ராஸ்கா 1895இல் தேர்ந்தெடுத்தது சாலிடாகோ ஜைஜான்டியா என்ற உயரமான இனம். சாயத்துக்கு அது, ஸ்டிஃப், கனடா எல்லாமே உதவும். பூ விரிந்த புதிதில் பறிக்க வேண்டும். பழுப்பேறிய பூவில் நிறமும் பழுப்பாகத்தான் வரும். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், மற்றது பூச்சிகளுக்கு.

100 கிராம் கம்பளி நூலுக்கு 15 கிராம் படிகாரம். வெந்நீரில் கரைத்து, நூல் தாராளமாக மூழ்கும் அளவு தண்ணீரில் ஊற்றி, முன்பே நனைத்த நூலைப் போட்டு மெதுவாகச் சூடேற்றி 80 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, அதே தண்ணீரில் ஆறவிடுங்கள். வேறு பாத்திரத்தில் 200 கிராம் புதுப்பூவை ஒரு மணி நேரம் கொதி வராமல் காய்ச்சி வடிகட்டுங்கள். நூலை அதில் போட்டு மறுபடி 80 டிகிரியில் முக்கால் மணி நேரம். எலுமிச்சை மஞ்சளிலிருந்து பசும்பொன் வரை வரும். கொதித்தால் நிறம் மங்கும். சூட்டிலிருந்து சட்டென்று பச்சைத் தண்ணீரில் முக்கினால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். கடைசியில் 2 கிராம் அன்னபேதி கரைத்த வெந்நீரில் சில நிமிடம் போட்டால் ஆலிவ் பச்சை.

பருத்தி நேரடியாகப் பிடிக்காது. நம் சாயப்பட்டறைகளின் பழைய முறைதான்: 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடி கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, பிறகு படிகாரம், பிறகு சாயம். கடுக்காயே இளமஞ்சள் தருவதால் இந்தப் பூவோடு பொருந்திப்போகும். சமையல் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: எடிசன் இந்தச் செடியிலிருந்து ரப்பர் எடுத்தாராமே?
– வாசகர், டெட்ராய்ட், மிச்சிகன்

பதில்: எடுத்தார், வேறு இனத்திலிருந்து. 1927இல் ஃபோர்டும் ஃபயர்ஸ்டோனும் பணம் போட, ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்து அவர் தேர்ந்தெடுத்தது தென்பகுதியின் சாலிடாகோ லெவன்வொர்த்தியை. ரப்பர் அதன் இலையில் இருந்தது. 1931இல் அவர் இறந்த பிறகு அது வணிகமாகவில்லை.

கேள்வி: மகள் அமெரிக்காவிலிருந்து இந்த விதையை அனுப்புவதாகச் சொல்கிறாள். ஊட்டியில் வருமா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: வரும், அதுதான் பயம். தயவுசெய்து வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். இதன் உறவான கனடா கோல்டன்ராட் அலங்காரச் செடியாகப் போய்ச் சீனாவிலும் ஐரோப்பாவிலும் வயலோரங்களை மூடிவிட்டது. நீலகிரியின் சோலைப் புல்வெளி ஏற்கெனவே சீகை (வாட்டில்), யூகலிப்டஸ் தோப்புகளுக்கு இடம் கொடுத்து மெலிந்திருக்கிறது. அழகுக்கென்று வந்த ஸ்காட்ச் புரூமும் கார்ஸும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து மிச்சத்தையும் பிடிக்கின்றன. மூன்றாவதாக ஒரு மஞ்சள் அங்கே தேவையில்லை. தவிர, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை அனுப்புவது 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைக்கு விரோதம். பூங்கொத்துக் கடைகளில் ரோஜாவுக்கு நடுவே செருகித் தருகிறார்களே, அந்த கோல்டன்ராட் கொய்மலருக்காக வளர்க்கும் தோட்ட வகை. ஆசைக்கு அதை வாங்கிக் குவளையில் வையுங்கள்.

கேள்வி: முன்வாசலில் இதை நட்டால் நகராட்சி அபராதம் போடுமா? பனிக்காலத்துக்கு முன் வெட்டிவிட வேண்டுமா?
– வாசகி, மினியாபொலிஸ், மினசோட்டா

பதில்: மினசோட்டாவில் 2023இல் வந்த சட்டப்படி, திட்டமிட்டு நட்டுப் பராமரிக்கும் இயற்கைத் தோட்டத்தை நகராட்சிகள் அனுமதித்தாக வேண்டும். புல்தரையைக் கவனிக்காமல் காடாக விட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே 'பராமரிக்கிறார்கள்' என்பது தெருவிலிருந்தே தெரிய வேண்டும். நடைபாதையை ஒட்டி இரண்டடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள், பாத்திக்குக் கல் விளிம்பு கட்டுங்கள், செடிப் பெயரோடு சின்னப் பலகை நடுங்கள். உயரமான ஸ்டிஃப் கோல்டன்ராட்டை உள்பக்கமாகவும் குட்டைப் புல்லை முன்பக்கமாகவும் வையுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் விதிகள் வேறு, நடுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பனிக்கு முன் வெட்ட வேண்டாம். அக்டோபரில் இலை செம்மையேறும், பிறகு கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் விதை கொத்த வரும். ஏப்ரலில், புதுத்தளிர் வரும்போது, ஒன்று முதல் ஒன்றரை அடிக் கட்டை விட்டு மேலே வெட்டுங்கள். அந்தக் கட்டையின் நடுச்சோற்றைக் குடைந்து சிறு தேனீக்கள் முட்டை வைக்கும். ஜூனுக்குள் புது இலை வளர்ந்து கட்டையை மறைத்துவிடும்.